இரவு எட்டு மணிக்குப் பிறகு திருத்தம் இல்லை: பிள்ளைகளோடு வீட்டிலிருந்து டிசைன் தொழில் செய்யும் அம்மாமாருக்கு

மட்டக்களப்பு நாவற்குடாவில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் கடை. கல்யாணக் கார்ட், சாமத்திய வீட்டு அழைப்பிதழ், கோயில் திருவிழா விஞ்ஞாபனம், 31ஆம் நாள் நினைவு மலர், கடைகளுக்கு லோகோ, வருசக் கடைசியில் கலண்டர் என்று பதினொரு வருசமாக டிசைன் செய்கிறேன். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு நாலு. இவருக்கு அம்பாறையில் வேலை. காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் போனால் வீடு திரும்ப மாலை ஐந்தரை ஆகிவிடும்.

இந்தத் தொழிலைத் தொடங்க நினைக்கும் தங்கச்சிமார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, பிள்ளைகளையும் பார்த்து, வேலையும் செய்து, உங்களுக்கு எப்படி நேரம் காணுது?" நேரம் எனக்கும் காணாது. ஆனால் என் உடம்பு எதனால் கெட்டது, எதை மாற்றியபோது தேறியது என்று எனக்குத் தெரியும். கெடுத்தவை இரவு பதினொரு மணிக்கு வரும் திருத்தங்கள். அதனால் இந்தக் குறிப்பில் உடற்பயிற்சிக்கும் சாப்பாட்டுக்கும் முன்பாக அட்வான்ஸ், புரூப் (அச்சடிக்குமுன் பிழை பார்க்கும் மாதிரி), பதில் சொல்லும் நேரம் ஆகியவற்றைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவை ஒழுங்கானால்தான் மற்றதற்கு இடம் கிடைக்கும்.

ஆறாவது திருத்தம்

2022 மார்ச் மாதம். மகளுக்கு அப்போது மூன்று மாதம். நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டிய காலம் அது. கரண்ட் எப்போது வருகிறதோ அப்போதுதான் வேலை. ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு கரண்ட் வந்தது. மகளை இடது கையில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே, வலது கையால் ஒரு கல்யாணக் கார்டில் ஆறாவது திருத்தத்தைச் செய்தேன். மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தை மாற்றியிருந்தார்கள், பெண் வீட்டார் முகூர்த்த நாளையே மாற்றியிருந்தார்கள். திகதியைத் திருத்தினேன். கிழமையைத் திருத்த மறந்துவிட்டேன். காலையில் பைலை பிரஸ்ஸுக்கு அனுப்பினேன். 600 கார்ட் அடித்து, மடித்து, கவரில் போட்டு வந்த பிறகு, மணமகளின் மாமி ஒருவர் சுவர்க் கலண்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, இந்தத் திகதி வியாழன் எல்லோ? வெள்ளி எண்டு கிடக்குது."

பேப்பர் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த நேரம். திரும்ப அடித்த செலவு முழுவதையும் நானே கட்டினேன். அந்த மாதம் உழைத்தது அவ்வளவும் அதற்கே சரியாகிவிட்டது. காசு போனதை மறந்துவிட்டேன். அந்தக் கிழமை முழுக்க மகளை நெஞ்சோடு அணைக்கும்போதெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டதை மறக்கவில்லை.

பிறகு நிதானமாக யோசித்தபோது, அந்தப் பிழைக்குப் பின்னால் மூன்று காரணங்கள் இருந்தன. ஆறாவது திருத்தம், இரவு ஒன்றரை மணி, மடியில் பிள்ளை. இனிக் கவனமாக இருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதால் ஒன்றும் மாறப்போவதில்லை. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது.

வேலை தொடங்குமுன் அனுப்பும் செய்தி

இப்போது யார் ஓர்டர் தந்தாலும், அவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும், முதலில் இந்தச் செய்திதான் வட்ஸ்அப்பில் போகும். அப்படியே எடுத்து உங்கள் தொகைகளைப் போட்டுப் பாவிக்கலாம்.

"வணக்கம். டிசைன் கட்டணம் 4,000 ரூபாய். அதில் பாதி கிடைத்த நாளிலிருந்து வேலை தொடங்கும். மூன்றாம் நாள் முதல் புரூப் வரும். இரண்டு தடவை திருத்தம் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு தடவைக்கும் 500 ரூபாய். வீட்டார் எல்லோரும் பேசி முடிவெடுத்து, ஒருவர் மட்டும், எல்லாத் திருத்தங்களையும் ஒரே செய்தியாக அனுப்பவும். பதில் சொல்லும் நேரம் காலை 9 முதல் 12 வரை, மாலை 4 முதல் 5 வரை. இரவு 8 மணிக்குப் பிறகு வரும் செய்திகளை அடுத்த நாள் காலை பார்ப்பேன்."

இதில் காசை விடப் பெரிய விசயம் "ஒருவர் மட்டும்" என்பது. கல்யாண வீட்டில் அண்ணன் ஒரு நிறம் சொல்வார், மாமா பிள்ளையார் படத்தை இடம் மாற்றச் சொல்வார், வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பா தன் பட்டப்பெயரைச் சேர்க்கச் சொல்வார். அவர் நேரப்படி அது பகல், எனக்கு நடுச்சாமம். ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினால் பத்துச் செய்தி ஒன்றாகிவிடும். மூன்றாம் திருத்தத்துக்கு 500 ரூபாய் என்றதும், வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துவிடுகிறார்கள். இந்த நாலு வருசத்தில் நான் அந்த 500 ரூபாயை வாங்கியது கொஞ்சத் தடவைதான்.

சொந்தக்காரரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். எனக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் வாடிக்கையாளர் என்று தனியாக ஆட்கள் கிடையாது. ஒருவர் மாமியின் தங்கச்சி, ஒருவர் மகனுக்குப் படிப்பிக்கும் டீச்சர், ஒருவர் அப்பாவோடு படித்தவர். முதன்முதலில் இந்தச் செய்தியை என் சொந்தச் சித்திக்குத்தான் அனுப்பினேன். அனுப்பிவிட்டு போனைத் திருப்பி வைத்துவிட்டேன். அரை மணிநேரம் கழித்து அவவே கோல் எடுத்தா. "நல்லதுதான் மகள். இஞ்ச ஆளுக்கொரு கதை கதைக்கிறாங்க. நான் ஒராள்தான் உன்னோட கதைப்பன் எண்டு சொல்லிப்போட்டன்." சித்திக்கும் அதனால் நிம்மதி. அதன் பிறகு எனக்குத் தயக்கம் வரவில்லை. எல்லோருக்கும் ஒரே வசனத்தை அனுப்புவதால், ஆளுக்கொரு விதமாக நடக்கிறாள் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

புரூப் பார்ப்பது

புரூப்பைக் கண்ணால் மட்டும் பார்க்கக்கூடாது. வாய்விட்டு வாசிக்கவேண்டும். நான் அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, அவவின் கையில் வீட்டார் எழுதித் தந்த மூலத்தைக் கொடுத்துவிட்டு, கார்டில் உள்ளதைச் சத்தமாக வாசிப்பேன். பெயர், முதலெழுத்து, ஆங்கிலத் திகதி, தமிழ்த் திகதி, கிழமை, முகூர்த்த நேரம், மண்டபம், போன் இலக்கம் என்று எப்போதும் ஒரே ஒழுங்கு. கிழமையை மட்டும் கலண்டரில் விரல் வைத்துப் பார்ப்போம். கோயில் விஞ்ஞாபனம் என்றால், வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்று முதலே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திதி நேரம் இரண்டிலும் வித்தியாசப்படும்.

எழுத்துருப் பிரச்சினை தெரியாமல் இரவிரவாக முழித்தவர்கள் பலர். வீட்டார் வட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோட், எல்லாப் போனிலும் கணினியிலும் வாசிக்கக்கூடிய பொது எழுத்து முறை. இங்கே பல பிரஸ்களில் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருதான். பாமினிக்கு மாற்றும்போது இடையிலுள்ள ஆங்கிலச் சொற்கள் தமிழெழுத்துக் குவியலாகிவிடும். அடைப்புக்குறி, மேற்கோள் குறி எல்லாம் வேறு எழுத்தாகிவிடும். ஸ்ரீ பெரும்பாலும் உடையும். மாற்றிய பிறகு இந்த மூன்றையும் தனியாகத் தேடிப் பாருங்கள். பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் யூனிகோடில் செய்பவர்கள், கொம்பு முன்னால் வராமல் பின்னால் நிற்கிறதென்றால் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தெரிவுசெய்யுங்கள். போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளிலும் தெற்காசிய எழுத்துகளுக்கென்று ஒரு தெரிவு இருக்கிறது. எல்லாம் சரியான பிறகு எழுத்தை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வடிவமாக) மாற்றி, சுற்றிவர 3 மில்லிமீற்றர் பிளீட் (வெட்டும்போது போகும் மேலதிக ஓரம்) விட்டு அனுப்பினால், "அக்கா, எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியா வருது" என்று பிரஸ்ஸிலிருந்து கோல் வராது. அப்படி ஒரு கோல் வராவிட்டால், பிள்ளையைக் குளிப்பாட்டுவதைப் பாதியில் விட்டு ஓடவும் தேவையில்லை.

இன்னொன்று. பிரஸ்ஸுக்குப் போகவேண்டிய பைலை மாலையில் முடித்தாலும் அன்றைக்கே அனுப்பாதீர்கள். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, நித்திரை கொண்டு எழும்பிய கண்ணால் இன்னொரு தடவை வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

விற்காத நேரம்

முதலில் ஒரு தாளில், எந்த விலைக்கும் கொடுக்க முடியாத மணிநேரங்களை எழுதுங்கள். என் தாளில் உள்ளவை: காலை ஐந்து மணி நடை, மத்தியானச் சாப்பாடு, மகன் பள்ளிக்கூடத்தால் வரும் அரை மணிநேரம், இரவு எட்டுக்குப் பிறகு. மிச்சம் இருப்பதுதான் தொழிலுக்கான நேரம். எனக்கு அது ஒரு நாளைக்கு ஐந்து மணிநேரம் வருகிறது. அந்த ஐந்து மணிநேரத்துக்குள் அடங்கும் அளவுக்குத்தான் ஓர்டர் எடுக்கிறேன். ஒரு கிழமைக்குப் புதிய டிசைன் மூன்று, அதற்கு மேல் இல்லை. வருமானம் போதாவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டாமல் விலையைக் கூட்டவேண்டும். 2023 இல் பயந்து பயந்து ஆயிரம் ரூபாய் கூட்டினேன். போனவர்கள் இரண்டு பேர்.

ஐந்து மணிநேரமும் ஒரே மாதிரியானதல்ல. மகள் நேர்சரியிலும் பிறகு அம்மாவிடமும் இருக்கும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை புது டிசைன், புரூப் வாசிப்பு. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் மாலை நேரத்தில் படம் வெட்டுவது, பில் எழுதுவது, பைல்களை அடுக்குவது. இடையில் யாராவது கூப்பிட்டாலும் கெட்டுப்போகாத வேலைகள் அவை.

சமையலிலும் இதே கணக்குத்தான். கிழமையில் நாலு நாள் இடியப்பத்தைப் பக்கத்து ஒழுங்கை அக்காவிடம் வாங்குகிறேன். எனக்கு ஒரு மணிநேரம் மிச்சம், அவவுக்கு ஒரு வருமானம். முதலில் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. இப்போது அந்த அக்காவின் சம்பலுக்கு அம்மாதான் முதல் ஆள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடித்தும் நான் தாய் வளவிலேயே இருக்கிறேன். அம்மா பின்வீட்டில். கொழும்பில் இருக்கும் என் சிநேகிதிகளுக்குக் கிடைக்காத வசதி இது. அதனாலேயே அதைக் கணக்கில்லாமல் எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. அம்மாவுக்கு 64 வயது, பிரசர் இருக்கிறது, மாதம் ஒரு கிளினிக் இருக்கிறது. அவவின் நேரம் நேர்சரி விடும் பதினொன்றரை முதல் ஒரு மணி வரை என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருக்கிறோம். அவவின் கிளினிக் நாளில் நான் வேலை வைப்பதில்லை. அவவின் சீட்டுக் காசு மாதம் 5,000 ரூபாயை என் தொழில் கணக்கிலிருந்து கட்டுகிறேன். அதைச் செலவுப் பட்டியலில் பேப்பருக்கும் இன்டர்நெட்டுக்கும் பக்கத்தில் எழுதுகிறேன். தாய்க்குக் காசு கொடுப்பதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். அம்மா சுளிக்கவில்லை.

மரண வீட்டு வேலை

டிசைன் தொழிலில் காத்திருக்க முடியாத வேலை இது ஒன்றுதான். ஒருவர் மாலையில் இறந்தால் இரவுக்குள் கண்ணீர் அஞ்சலி பனர் வேண்டும். காலை பத்து மணிக்குள் சந்தியில் கட்டவேண்டும். அந்த நேரத்தில் கோல் எடுப்பவரிடம் "எட்டு மணிக்குப் பிறகு வேலை இல்லை" என்று சொல்ல என் மனம் இடங்கொடுக்காது. நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

இதற்கு நாங்கள் கண்ட வழி முறை வைத்தல். நான், ஏறாவூரில் ஒரு தங்கச்சி, களுவாஞ்சிகுடியில் ஒருவர், மூன்று பேரும் இதே தொழில் செய்கிறோம். மூன்று பேரும் அம்மாமார். இரவு வேலை ஒரு கிழமைக்கு ஒருவர். எனக்கு வரும் கோலை அந்தக் கிழமை முறைக்காரருக்குக் கொடுத்துவிடுவேன். காசும் அவருக்கே. மூன்று அளவில் வெற்றுப் பனர் டிசைன் முதலே செய்து கூகிள் டிரைவில் போட்டிருக்கிறோம். படம், பெயர், பிறப்பு, இறப்பு, கிரியை நேரம், இடம் போட்டால் இருபத்தைந்து நிமிடத்தில் முடியும். என் முறை வரும் கிழமையில் பகலில் புது ஓர்டர் ஒன்றைக் குறைத்துக்கொள்வேன், மத்தியானம் பிள்ளையோடு நானும் படுப்பேன்.

இந்த ஒழுங்கை மரண வீட்டுக்காகத்தான் தொடங்கினோம். பிறகு எங்கள் மூவருக்குமே அது காப்பாகிவிட்டது. மகனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் நின்ற ஐந்து நாளும் என் மூன்று ஓர்டர்களை ஏறாவூர்த் தங்கச்சி முடித்துக் கொடுத்தா. பைல்களுக்கெல்லாம் ஒரே முறையில் பெயர் வைத்திருந்ததால், அவ என்னை ஒரு தடவைதான் கேட்கவேண்டி வந்தது. 2024 நவம்பர் கடைசி வெள்ளத்தில் களுவாஞ்சிகுடிக்காரருக்கு நாங்கள் இருவரும் அதையே செய்தோம். ஊரில் உங்களைப் போல் வேலை செய்யும் இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள். போட்டியாளர் என்று ஒதுங்கி நிற்காதீர்கள்.

உடம்பு

மகள் பிறந்த ஐந்தாம் மாதம் வலது பெருவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கமாக வலி தொடங்கியது. மவுஸ் பிடித்ததால் வந்தது என்று எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். போதனா வைத்தியசாலை கிளினிக்கில் டொக்டர், பெருவிரலை உள்ளே வைத்துக் கையைப் பொத்தச் சொல்லி, மணிக்கட்டைச் சின்னவிரல் பக்கம் மெல்லச் சாய்த்தார். உயிர் போகிற வலி. "பிள்ளையைக் கமக்கட்டுக்குள் கை கொடுத்தா தூக்குறீங்க?" என்று கேட்டார். டி குவர்வெயின் என்று அதற்குப் பெயர். பெருவிரலை அசைக்கும் தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகிவிடும். கைக்குழந்தை உள்ள அம்மாமாருக்கு அடிக்கடி வருவது. நான் அதற்கு மேல் மவுஸும் பிடித்தேன்.

தூக்கும் முறையை மாற்றவேண்டும். ஒரு உள்ளங்கை பிள்ளையின் பின்புறத்துக்குக் கீழே, மற்றக் கை முதுகுக்குப் பின்னால், பெருவிரல் மற்ற விரல்களோடு ஒட்டியிருக்க, அள்ளி எடுப்பதுபோல் தூக்குங்கள். ஈர உடுப்பைப் பிழிவதைக் கொஞ்ச நாள் வேறு யாருக்காவது கொடுங்கள். நான் டொக்டர் சொன்னபடி பெருவிரலுக்குப் பட்டை கட்டி, மவுஸை இடது கைக்கு மாற்றினேன். முதல் இரண்டு கிழமை கோடு ஒன்றும் நேராக வரவில்லை, பிறகு பழகிவிட்டது. இன்றைக்கும் இடது கைதான். வலி தொடங்கிய உடனே போயிருந்தால் இரண்டு மாதம் மிச்சப்பட்டிருக்கும்.

மேசைக்குப் பெரிய செலவு வேண்டாம். லப்டொப்பின் கீழே இரண்டு ஏ4 பேப்பர் கட்டு வையுங்கள், ஒரு கட்டு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் உயரம். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும், கழுத்துக் குனியாது. தனிக் கீபோர்ட் ஒன்று வாங்குங்கள். கால் தரையில் முட்டாவிட்டால் இன்னொரு கட்டு காலுக்கு. கண்ணுக்கு, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை 20 செக்கன் பார்க்கவேண்டும் என்பார்கள். என் யன்னலிலிருந்து படலையடித் தென்னை சரியாக அந்தத் தூரம்.

பிள்ளை பெற்ற பிறகு இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறதா? பலருக்கும் இருக்கிறது, வெட்கத்தில் சொல்வதில்லை. சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கி ஐந்து செக்கன் பிடித்து, ஐந்து செக்கன் விடுங்கள். பத்துத் தடவை, நாளுக்கு மூன்று முறை. பெரிய பைல் ஒன்று அப்லோட் ஆகும் நேரம் போதும், கதிரையில் இருந்தபடியே செய்யலாம். சில மாதத்தில் குறையாவிட்டால் டொக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு வைத்தியம் இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி அம்மா என் கதிரைக்குப் பின்னால் நின்று சொல்வதுதான் சரி. "என்ன மகள், இன்னும் தின்னல்லையா? மறுகா தலையிடி எண்டு படுப்பாய்." பன்னிரண்டேகாலுக்கு போனில் அலாரம். சிவப்பரிசிச் சோறு, ஒரு மீன், முருங்கையிலைச் சுண்டலோ வல்லாரைச் சம்பலோ ஒன்று. தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணிநேரம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதைத் தேயிலை குறைக்கும், பிள்ளை பெற்ற உடம்புக்கு அது தேவை. வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேசையில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் வைத்து மத்தியானத்துக்குள் முடித்துவிடுங்கள்.

காலை ஐந்து மணிக்குக் கடற்கரை வரை நடக்கிறேன். பிள்ளைகள் நித்திரை, இவர் வீட்டில். கரைவலைக்காரர் கயிறு பிடிக்கத் தொடங்கும் நேரம் திரும்பி வந்துவிடுவேன். போன் வீட்டிலேயே இருக்கும். மழைக்காலத்தில் வீட்டு விறாந்தையில் நடை.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் வெல் வுமன் கிளினிக் பற்றித் தெரியாத அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். 35 வயதிலும் 45 வயதிலும் குறிப்பாகப் போகச் சொல்வார்கள். இரத்த அழுத்தம், சீனி, மார்பகப் பரிசோதனை, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை, எல்லாம் இலவசம். எனக்கு 35 முடிந்தும் எட்டு மாதம் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் ஓர்டர் கொப்பியில் என் பெயரை எழுதி, திகதி போட்டு, "முற்பணம் பெறப்பட்டது" என்று பக்கத்தில் குறித்தேன். பிறகுதான் போனேன். அன்றிலிருந்து என் சோதனை, பிள்ளைகளின் தடுப்பூசி, பள்ளிக்கூடக் கூட்டம் எல்லாம் ஓர்டர் கொப்பியில் ஓர்டராகவே எழுதப்படுகின்றன.

மனதையும் சொல்லாமல் விடமுடியாது. அந்த 600 கார்ட் விசயத்துக்குப் பிறகு ஒரு மாதம் வரை, பிள்ளை நித்திரையானாலும் எனக்கு நித்திரை வரவில்லை, காரணமில்லாமல் கண்ணீர் வரும், பிள்ளையைப் பார்க்கவே பயமாக இருந்தது. நிறை பார்க்க வந்த மிட்வைஃப் அக்கா, பிள்ளையைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தா. "நீங்க எப்பிடி இருக்கிறீங்க?" என்று கேட்டா. அழுதுவிட்டேன். அவதான் கிளினிக்குக் கூட்டிப்போனா. இரண்டு கிழமைக்கு மேல் இப்படி இருந்தால் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மிட்வைஃபிடம் சொல்லுங்கள், அல்லது 1926 க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

மஞ்சள் விளக்கு

என் மேசையில் மஞ்சள் மூடி போட்ட சின்ன விளக்கு ஒன்று இருக்கிறது. அது எரிந்தால் அம்மா வேலை. அணைந்தால் அம்மா பிள்ளைகளுடையவள். மூன்று வயதிலேயே மகளுக்கு அது விளங்கிவிட்டது. ஆனால் விளக்கை அணைத்த பிறகு நான் போனை எடுத்தால், அவ வந்து விளக்கைப் போட்டுவிடுவா. ஒன்றும் சொல்லமாட்டா, போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பா. அந்தப் பார்வைக்குப் பிறகுதான் தொழிலுக்கென்று வேறு சிம் போட்டு, இரவில் அந்த போனைக் குசினி அலுமாரியில் வைக்கப் பழகினேன்.

பிரஸ்ஸில் ஓரம் வெட்டி விழும் கார்ட் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். தடித்த, நிறம் நிறமான தாள், சும்மா தருவார்கள். ஒரு பெட்டி நிறைய அதுவும், பசையும், முனை மழுங்கிய கத்தரிக்கோலும் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையில் இருக்கும். மாலை வேலை நேரத்தில் மகள் அங்கே "கார்ட்" செய்வா. போன கிழமை அவ செய்த கல்யாணக் கார்டில் மணமகள் இடத்தில் எங்கள் ஆட்டின் பெயர் இருந்தது.

வருசத்தை முதலே குறிப்பது

தைமாதமே வருசக் கலண்டரில் மூடும் நாட்களைக் குறித்துவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை குறையும், ஆனால் ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் தீர்த்தம் இருப்பதால் விஞ்ஞாபனமும் பனரும் ஆனிக் கடைசியிலேயே வந்துவிடும். மார்கழியில் கலண்டர் வேலை. நோன்பு மாதத்தில் காத்தான்குடிப் பிரஸ்களில் வேலை இரவில்தான் சூடுபிடிக்கும், அந்த மாதம் இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டு வையுங்கள். பிரதேச செயலகத்தில் தொழிலின் பெயரைப் பதிந்து, வங்கியில் தனிக் கணக்கு ஒன்று திறந்தால், எந்த மாதம் எவ்வளவு வருகிறது என்று இரண்டு வருசத்தில் தெரிந்துவிடும். எந்தக் கிழமையை மூடலாம் என்று அந்தக் கணக்குப் புத்தகமே சொல்லும்.

நான் மூடுவது, புத்தகம் சொல்லாத வைகாசியில். நல்ல உழைப்புள்ள மாதம்தான், ஆனால் அப்பாவின் ஊர் செட்டிபாளையம். வைகாசிச் சடங்குக்குக் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து, அம்மனைக் குளிர்விக்கும் கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும் வரை பிள்ளைகளோடு அங்கே நிற்கவேண்டும் என்பது என் ஆசை. அதற்காகச் சித்திரையிலேயே கூடுதலாக இரண்டு ஓர்டரை முடித்துவிடுகிறேன். ஒரு மாதத்துக்கு முதல் எல்லா வாடிக்கையாளருக்கும் இந்தச் செய்தி போகும்:

"வைகாசிச் சடங்குக்காக எட்டு நாள் வேலை இல்லை. அதற்கு முதல் கார்ட் தேவைப்படுபவர்கள் சித்திரை 20க்குள் விபரம் அனுப்பவும். மரண வீட்டு வேலைகளுக்கு இத்துடன் உள்ள ஏறாவூர் இலக்கத்துக்கு எடுக்கவும். குளிர்த்தி முடிந்து மூன்றாம் நாள் காலை 9 மணிக்குப் பதில் சொல்வேன்."